பழைய காற்றாலைக்குப் புதிய இறக்கை: பண்டாரவளைப் பட்டறை ஒன்றின் வேலை

காற்றாலை ஒன்றை வாங்கிக் கம்பத்தில் ஏற்றிவிட்டு, அது சுற்றாமல் நிற்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலங்கை மலைநாட்டில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு போன காலத்தில், இணையத்தில் படத்தைப் பார்த்து ஆளுக்கொன்று வாங்கினார்கள். அவற்றில் சில இன்று கொடிக் கயிறு கட்டுவதற்குத்தான் பயன்படுகின்றன.

எங்கள் வீட்டில் நிற்பது மருமகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. மருமகன் கொடுத்த பொருளைக் குறை சொல்வது குடும்பத்துக்கு ஆகாது. ஆகவே இயந்திரத்தை விட்டுவிட்டு அதன் இறக்கைகளை மட்டும் குறை சொல்லப்போகிறேன். அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பண்டாரவளையில் செய்து வாங்கிப் பூட்டிய மூன்று புதிய இறக்கைகளைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு. தேயிலை ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) மெக்கானிக்காக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். கொழுந்து வாட்டும் தொட்டிகளின் பெரிய விசிறிகளைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கை. இப்போது ஹப்புத்தளைக்கு மேலே, முகட்டை ஒட்டிய வீட்டில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அறை விளக்குகள், வைஃபை பெட்டி, போன் சார்ஜ் ஆகிய மூன்றுக்கும் மின்சாரம் நிற்கக் கூடாது. பயணிகள் வெந்நீர் இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்கிறார்கள், வைஃபை இல்லாவிட்டால் முகம் மாறிவிடுகிறது.

இயந்திரம் செங்குத்து அச்சு வகை. நடுவில் நிமிர்ந்த தண்டு, அதைச் சுற்றி மூன்று நேரான இறக்கைகள், ஒவ்வொன்றையும் தாங்க இரண்டு கைகள். சுழலும் வட்டத்தின் விட்டம் 1.2 மீட்டர், இறக்கையின் உயரம் 1.5 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் காற்றை மறிக்கும் பரப்பு 1.8 சதுர மீட்டர். வினாடிக்கு 12 மீட்டர் காற்றில் 1000 வாட் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது.

அந்த எண்ணைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். காற்றில் இருக்கும் வலு என்பது அதன் அடர்த்தியில் பாதி, மறிக்கும் பரப்பு, வேகத்தின் கனம் (வேகம் × வேகம் × வேகம்) ஆகிய மூன்றின் பெருக்கம். கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ. ஹப்புத்தளை 1400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே அதே கன மீட்டர் ஒரு கிலோவை ஒட்டித்தான் நிற்கும். கணக்குப் போட்டால் 12 மீட்டர் காற்றில் இந்த இயந்திரத்தின் முன்னால் வந்து போகும் மொத்த வலுவே ஏறத்தாழ 1550 வாட். காற்றிலிருந்து 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இயந்திரத்தாலும் பிழிந்தெடுக்க முடியாது என்று ஜெர்மானியரான ஆல்பர்ட் பெட்ஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணித்துக் காட்டிவிட்டார். அதன்படி நம் உச்சவரம்பு சுமார் 920 வாட். பெட்டியில் இருப்பது 1000! நன்றாகச் செய்த சிறிய செங்குத்து அச்சு இயந்திரம் கால்பங்கு எடுத்தாலே பெரிய காரியம். அதிலும் டைனமோவும் கம்பியும் தங்கள் பங்கைக் கழித்துக்கொள்ளும். சாதாரணமாக வீசும் 5 மீட்டர் காற்றில் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 20 வாட்டுதான். வேகம் பாதியானால் வலு எட்டில் ஒன்றாகிவிடும், இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் எந்த விற்பனையாளரும் உங்களை ஏமாற்ற முடியாது.

1000 வாட் வராது என்பது பெட்டியைத் திறக்கும்போதே தெரியும். ஆனால் சுற்றக்கூட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் ஆடியிலும் அது நிதானமாக இரண்டு சுற்று வந்து, யோசித்து, நின்றுவிடும். மட்டக்களப்புப் பக்கம் கச்சான் என்று வறட்டியெடுக்கும் காற்று இந்த முகட்டைத் தாண்டித்தான் அங்கே இறங்குகிறது. இங்கே அதற்குப் பஞ்சமே இல்லை. கோளாறு முழுவதும் இறக்கையில்தான்.

பழைய இறக்கை அலுமினியத் தகட்டை மடித்து, பின்விளிம்பில் ரிவெட் அடித்தது. அகலம் 10 சென்டிமீட்டர், தடிப்பு 12 மில்லிமீட்டர். விமான இறக்கையைப் போல ஏதோ ஒரு வடிவம், ஆனால் மடிப்பு மூன்றிலும் மூன்று விதம். ஒன்றின் முன்விளிம்பு உருண்டையாக, மற்றொன்றில் கொஞ்சம் கூர்மையாக. ரிவெட் தலைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. வாட்டுத் தொட்டி விசிறியில் இப்படி ஓர் இறக்கையைப் பூட்டியிருந்தால் பெரிய துரை என்னை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார்.

செங்குத்து அச்சு இறக்கையின் சங்கடம் என்னவென்றால், ஒரே சுற்றுக்குள் அது காற்றை எல்லாத் திசையிலும் சந்திக்கிறது. இறக்கையின் வேகம் காற்றின் வேகத்தைவிட மூன்று மடங்கு இருந்தால், காற்று வந்து தாக்கும் கோணம் 20 பாகைக்குள் அடங்கும். இரண்டு மடங்கென்றால் 30 பாகை வரை போகும். இரண்டும் சமமாக இருக்கும்போது 90 பாகையையே எட்டும். அந்த நிலையில் காற்று இறக்கையின் மேல் வழுக்கிக்கொண்டு போகாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். முன்னே இழுக்கும் விசை மறைந்து, பின்னே இழுக்கும் இழுவை மட்டும் மிஞ்சும். வேகமாகச் சுற்றினால்தான் விசை கிடைக்கும், விசை கிடைத்தால்தான் வேகமாகச் சுற்றும். மெல்லிய, குறுகிய இறக்கை இந்தப் பள்ளத்தில் விழுந்து அங்கேயே கிடக்கும். எங்களுடையது கிடந்தது. கையடக்கக் காற்றுமானியில் 6 மீட்டரைத் தாண்டிய வீச்சு ஒன்று வந்து உந்தினால்தான் எழும். எழுந்தபின் வேறொரு கூத்து. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் கம்பம் முழுவதும் நடுங்கும், அதற்கு மேலே போனால் ‘ஊவ், ஊவ்’ என்று அலறும். “உங்கள் காற்றாலை கரண்ட் கொடுக்கிறதோ இல்லையோ, தூக்கத்தை எடுத்துக்கொள்கிறது” என்றாள் மனைவி. வந்து தங்கிய ஒரு தம்பதி காட்டு மிருகம் ஏதாவது சுற்றுகிறதா என்று காலையில் விசாரித்தார்கள்.

பட்டறை பண்டாரவளை டவுனைத் தாண்டி, ஒரு கராஜின் பின்கட்டில் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை, அதனால் பெயரும் எழுத முடியவில்லை. அண்ணன் தம்பி இருவர். அண்ணன் கரையோரத்தில் கண்ணாடி இழைப் படகு கட்டியவர், ஆகவே பிசினும் துணியும் அவர் கைக்கு அத்துப்படி. தம்பிக்குக் கணக்கு நன்றாக வருகிறது. நான் கொண்டுபோன பழைய இறக்கையை வாங்கி, பின்விளிம்பில் விரலை ஓட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்தார் அண்ணன். அந்த ஒரு செய்கையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

தம்பி கேட்ட முதல் கேள்வி, “ஐயா, டைனமோ எத்தனை சுற்றில் 24 வோல்ட் தொடுகிறது?” என்பது. இறக்கை செய்ய வந்தவனிடம் டைனமோவைப் பற்றி ஏன் கேட்கிறார் என்பது பின்னால் விளங்கும்.

அவர்கள் பரிந்துரைத்தது நாகா 0018 என்ற வடிவம். நாகா என்பது அமெரிக்காவில் நாசாவுக்கு முன்பிருந்த விமானவியல் ஆலோசனைக் குழு. அவர்கள் வகுத்த வடிவ வரிசையில் முதல் இரண்டு சுழியங்கள் இறக்கை இருபக்கமும் சமம், வளைவு இல்லை என்று சொல்கின்றன. கடைசி இரண்டு இலக்கங்கள் தடிப்பு அகலத்தில் 18 சதவீதம் என்று சொல்கின்றன. எனக்குச் செய்தது 16 சென்டிமீட்டர் அகலம். ஆக, தடிப்பு 29 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. மிகத் தடித்த இடம் முன்விளிம்பிலிருந்து 30 சதவீதத்தில், அதாவது 4.8 சென்டிமீட்டரில் வரும். தடித்த, உருண்ட மூக்குள்ள இறக்கையில் காற்று பெரிய கோணத்திலும் சற்று நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அகலம் கூடியதால் மெதுவான காற்றிலும் பிடிமானம் அதிகம். உச்ச வேகம் குறையும், புறப்படுவது சுலபமாகும். இதைத்தான் நான் கேட்டுப் போனேன்.

செய்யும் முறையை நின்று பார்த்தேன். ரெஜிபோம் (தெர்மோகோல்) கட்டியின் இரண்டு முனையிலும் ஃபார்மிக்காவில் வெட்டிய அச்சுத் தகடுகளை ஒட்டுகிறார்கள். தகட்டின் விளிம்பில் பென்சிலால் எண்கள். வில்லில் பூட்டிய நிக்ரோம் கம்பியில் மின்சாரம் விட்டால் அது சூடேறும். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, “ஏழு... எட்டு... ஒன்பது...” என்று அண்ணன் சொல்லச் சொல்ல, இருவரும் ஒரே நேரத்தில் அந்தந்த எண்ணைக் கடக்கிறார்கள். ஒரு முனை முந்தினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். கம்பி போன வழியில் மெல்லிய நூலிழைகள் காற்றில் மிதக்க, நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. மேல்பாதி, கீழ்பாதி என்று வெட்டி எடுத்ததும், அகலத்தில் கால்பங்கு தூரத்தில் ஒரு பள்ளம் எடுத்து, சவுக்குப் பலகையில் சீவிய நீண்ட சட்டத்தை ஒட்டுகிறார்கள். கை வந்து பூட்டும் இடங்களில் மட்டும் கடினமான மரத்துண்டு, போல்ட் இறுக்கும்போது ரெஜிபோம் நசுங்கிவிடக் கூடாது என்பதற்காக.

பிசின் விடயத்தில்தான் அவர்களுடைய அனுபவம் தெரிந்தது. படகுக்குப் போடும் பொலியெஸ்டர் பிசின் மலிவு. ஆனால் அது ரெஜிபோமைத் தின்றுவிடும், பூசிய சற்று நேரத்தில் உள்ளே வெறும் பொந்துதான் இருக்கும். ஆகவே எப்பொக்சி. விலை கூட, அதோடு பண்டாரவளைக் குளிரில் அது இறுகவும் அடம்பிடிக்கும். பலகைப் பெட்டி ஒன்றுக்குள் பழைய காலத்துக் குண்டு பல்புகளை எரியவிட்டு, இறக்கையை அந்தச் சூட்டில் படுக்கவைக்கிறார்கள். கண்ணாடி இழைத் துணியில் ஒரு சுற்று நீளவாட்டில், இன்னொரு சுற்று 45 பாகை குறுக்கே. முறுக்கைத் தாங்குவது அந்தக் குறுக்குச் சுற்று. வேலை முடிந்த இறக்கை 1.2 கிலோ. மூன்றையும் மின்தராசில் வைத்துப் பார்த்தபோது சில கிராம் வித்தியாசம்தான். கனம் குறைந்ததற்கு முனையில் கொஞ்சம் பிசின் ஊற்றி அதையும் சரிசெய்தார்கள். கொழுந்துத் தராசில் ஆயுசுக்கும் கழிவு கண்ட குடும்பத்தில் பிறந்தவனுக்கு, ஒரு தராசு இப்படிக் கிராம் கிராமாக நியாயம் பேசுவதைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருந்தது.

கைகளையும் மாற்றச் சொன்னார்கள். முதலில் பணம் பிடுங்கும் வேலையோ என்று நினைத்தேன். பழைய கைகள் 25 மில்லிமீட்டர் உருண்டைக் குழாய். அதே தடிப்புள்ள, மூக்கு உருண்டு வால் ஒடுங்கிய வடிவத்தோடு ஒப்பிட்டால், உருண்டைக் குழாய்க்குக் காற்றின் இழுவை பத்து மடங்கு வரை அதிகம். ஆறு கைகள் சுற்றும்போது இறக்கை சம்பாதிப்பதில் ஒரு நல்ல பங்கை அவை தின்றுகொண்டிருந்தன. புதிய கைகளில் சிறிய தட்டைச் சட்டத்தின் மேல் அதே ரெஜிபோம், எப்பொக்சியில் உறை போட்டிருக்கிறார்கள்.

கை பூட்டும் இடம் இன்னும் முக்கியம். பழையதில் இறக்கையின் இரண்டு கோடியிலும் பிடித்திருந்தார்கள், நடு இறக்கை வெளியே வளைந்தது. புதியதில் ஒவ்வொரு முனையிலிருந்தும் 31 சென்டிமீட்டர் உள்ளே. நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிய இடம் இது. அங்கே பிடித்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளும் நடுப்பகுதியும் ஒன்றையொன்று சமன்செய்து, வளைக்கும் திருகுவிசை கோடியில் பிடித்தபோது இருந்ததில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒரு போல்ட்டுக்குக்கூடக் கூடுதல் செலவில்லாத மாற்றம், இதை முதலில் செய்தவர்கள் ஏன் செய்யவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.

வெளியே வீசும் விசையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வினாடிக்கு 8 மீட்டர் காற்றில் பழைய மெல்லிய வடிவம் சரியாக வேலை செய்ய வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 440 சுற்று ஓட வேண்டும். அந்த வேகத்தில் ஒரு கிலோ இறக்கையை 130 கிலோ எடைக்கு ஈடான விசை வெளியே இழுக்கும். புதியது அதே காற்றில் 280 சுற்றில் நிதானமாகத் தன் வேலையைச் செய்கிறது. இறக்கை சற்றுக் கனமாக இருந்தும் இழுப்பு 63 கிலோவை ஒட்டித்தான். வீட்டுக்கு மேலே சுற்றும் பொருளில் இந்த வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இறக்கையின் இரண்டு முனையிலும் மெல்லிய தட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். முனையில் காற்று உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்குச் சுருண்டு ஒழுகுவதை அது தடுக்கிறது. அலறல் நின்றதில் அதற்குப் பாதிப் பங்கு உண்டு என்று தம்பி சொல்கிறார். மீதி, வேகம் குறைந்ததால். பூட்டும் துளைகளை நீள்துளையாக வெட்டியிருப்பதும் நல்ல யோசனை, இறக்கையைச் சில பாகை உள்ளேயோ வெளியேயோ திருப்பிப் பார்க்கலாம். முன்விளிம்பை இரண்டு பாகை வெளிப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார்கள். நான் நேராகவும் வைத்துப் பார்த்தேன், உள்ளே திருப்பியும் வைத்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னதே சரி, உள்ளே திருப்பியபோது இயந்திரம் சோம்பிப்போனது. மழைக்காலத்தில் இந்தச் சோதனை செய்ய நினைப்பவர்கள் உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோங்கள், கம்பத்தடியில் நிற்கும் நேரத்துக்குள் அட்டை முழங்கால் வரை ஏறிவிடும்.

இனி விளைவு. காற்றுமானியில் மூன்றரை மீட்டரைத் தொட்டதுமே புறப்படுகிறது. நின்று யோசிப்பதில்லை. நடுக்கம் முற்றாகப் போகவில்லை, ஒரு வேகத்தைக் கடக்கும்போது கம்பம் லேசாக முனகும், உடனே அடங்கிவிடும். இரவில் சன்னலைத் திறந்துவைத்தால் ஒரு மெல்லிய சீறல் கேட்கும், அவ்வளவுதான். தென்மேற்குப் பருவக்காற்றின் உச்சத்தில் நல்ல நாளில் ஒரு யூனிட் வரை பேட்டரிக்கு ஏறுகிறது. இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்குபவர்கள் ஹப்புத்தளையில் ஜூலை மாதத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். பனிமூட்டம் காலையில் ஏறினால் கூரையில் இருக்கும் சூரியத் தகடுகள் நாள் முழுவதும் பெயருக்குத்தான் இருக்கும். அப்போது இரவிலும் பகலிலும் ஓடிக்கொண்டிருக்கும் இந்த ஒரு யூனிட் எங்களுக்குப் போதும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் காற்றாலை ஓய்வெடுக்கும், சூரியத் தகடு வேலை செய்யும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சூரியத் தகட்டை வாங்குங்கள்.

இப்போது அந்த டைனமோக் கேள்வி. இறக்கை மெதுவாகச் சுற்றினால் டைனமோவும் மெதுவாகத்தான் சுற்றும், வோல்ட் குறையும். 24 வோல்ட் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட் வருவதற்குள் பாதிக் காற்று வீணாகப் போய்விடும். ஆகவே இரண்டு பேட்டரிகளையும் தொடராக இணைத்திருந்ததை மாற்றி, பக்கவாட்டில் இணைத்து 12 வோல்ட்டாக்கச் சொன்னார்கள். அதில் இன்னொரு வம்பு இருக்கிறது. அதே வாட்டுக்கு வோல்ட் பாதியானால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரட்டிப்பாகும், சூடாகி வீணாவது நான்கு மடங்காகும். கம்பத்திலிருந்து வீடு வரை அந்த நீளத்துக்குத் தடித்த செப்புக் கம்பி போட்டால் அதன் விலை இறக்கையின் விலையைத் துரத்தும். கடைசியில் பேட்டரிகளைக் கம்பத்தடியில் இருக்கும் விறகுக் கொட்டகைக்கே கொண்டுபோய், இன்வேர்ட்டரையும் அங்கேயே வைத்து, 230 வோல்ட்டாக வீட்டுக்கு இழுத்தேன். விறகு எடுக்கப் போகும்போதெல்லாம் மனைவி அந்தப் பக்கம் முறைத்துவிட்டு வருகிறாள். இந்தச் செலவையும் அலைச்சலையும் பட்டறை ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். கேள்வி கேட்டார்கள், விளக்கம் சொல்லவில்லை.

குறைகள் இன்னும் உண்டு. சொன்ன தேதிக்குத் தரவில்லை. மழையில் பிசின் இறுகவில்லை என்பது உண்மையான காரணம்தான், ஆனால் அதைப் போன் எடுத்துச் சொல்லலாமே. கொடுத்த போல்ட்டுகள் நாகம் பூசியவை, இந்த ஈரத்தில் தலைகள் பழுப்பேறத் தொடங்கியதும் எவர்சில்வர் போல்ட் வாங்கி மாற்றினேன். முனைத் தட்டு ஒன்றின் பூச்சில் மயிரிழை விரிசல் இருக்கிறது. பூட்டும் முறையை ஒரு தாளில்கூட எழுதித் தரவில்லை, எல்லாம் வாய்மொழிதான். நான் மெக்கானிக், சமாளித்தேன். மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

தடுப்பு ஏற்பாட்டிலும் நான் முழுத் திருப்தி அடையவில்லை. விசிறி போலக் காற்றைப் பார்த்து நிற்கும் கிடைமட்ட அச்சு இயந்திரமாக இருந்தால் புயலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இதற்குத் திருப்ப முகமே இல்லை. டைனமோவின் மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் ஒன்று தருகிறார்கள். காற்று சாதாரணமாக இருக்கும்போது அதைப் போட்டால் இயந்திரம் கிட்டத்தட்ட நின்றுவிடும். முழு வேகத்தில் ஓடும்போது அதை மட்டும் நம்பினால் டைனமோ சுருள் கருகும். மோட்டார் சைக்கிள் டிஸ்க் பிரேக் ஒன்றைத் தண்டின் அடியில் பூட்டித் தரக் கேட்டேன். செய்தார்கள், தனிக் காசு. வாங்குபவர்கள் இதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். காற்று கடுமையாகும் என்று வானொலியில் சொன்னாலே நான் கட்டிப்போட்டுவிடுகிறேன்.

பட்டறையில் வேறு இரண்டு வகையும் வைத்திருக்கிறார்கள். ஒன்று முறுக்கிய இறக்கை. 1990களில் அலெக்சாண்டர் கோர்லோவ் நீரோட்டத்துக்காக வடிவமைத்தது காற்றுக்கும் வந்துவிட்டது. எந்த நேரத்திலும் இறக்கையின் ஏதாவது ஒரு பகுதி நல்ல கோணத்தில் இருப்பதால் சுழற்சி சீராக வரும், நடுக்கம் குறையும். பார்க்கவும் அழகு. மின்சாரம் அதிகம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முறுக்கிய இறக்கையைக் கையால் செய்யும்போது வடிவம் பிசகாமல் வருவது கடினம், அங்கே நான் பார்த்த மாதிரியின் பின்விளிம்பு என் நேரான இறக்கையின் சுத்தத்துக்கு அருகில் வரவில்லை. விலையோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

மற்றது எண்ணெய்ப் பீப்பாயை இரண்டாகப் பிளந்து எதிரெதிராக வைத்தது. பின்லாந்தின் சிகுர்ட் சவோனியஸ் 1920களில் கண்டது. சிறு காற்றிலும் தானே புறப்படும், உடையாது, ஆனால் காற்றின் வேகத்தை அதிகம் தாண்டி ஓட முடியாது. ஆகவே எடுக்கும் வலுவும் குறைவு. அதே பத்தாண்டில் பிரான்சில் ஜார்ஜ் டாரியஸ் கண்ட மெல்லிய இறக்கை வகைதான் என்னுடையதற்குத் தாத்தா. சிலர் இரண்டையும் ஒரே தண்டில் பூட்டச் சொல்லிக் கேட்கிறார்களாம். பீப்பாய் புறப்பட வைக்கும் என்பது சரி, வேகம் பிடித்தபின் அதுவே முட்டுக்கட்டையாகிவிடும். தடித்த இறக்கை தானாகவே புறப்படும்போது அந்த ஒட்டுவேலை எதற்கு?

அப்படியென்றால் உலகம் ஏன் செங்குத்து அச்சைக் கைவிட்டது என்று கேட்கலாம். அம்பேவெல மேய்ச்சல் நிலத்தில் நிற்பவையும், 2020இல் மன்னாரில் திறந்த தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 இயந்திரங்களும் கிடைமட்ட அச்சுதான். கனடாவின் கியூபெக்கில் 1980களின் இறுதியில் 110 மீட்டர் உயரத்தில் ஒரு செங்குத்து அச்சு இயந்திரம் எழுப்பினார்கள், 1993இல் அடித் தாங்கி பழுதாகி அதோடு நின்றுபோனது. ஒவ்வொரு சுற்றிலும் விசை கூடிக் குறைந்துகொண்டே இருப்பதால் தாங்கிக்கும் கைக்கும் ஓய்வே இல்லை. உயரமான கம்பம், தடையில்லாத சீரான காற்று இருந்தால் கிடைமட்ட அச்சு இதைவிட நன்றாகச் சம்பாதிக்கும். எங்கள் முகட்டில் காற்று சீராக வருவதில்லை. சரிவில் மோதி மேலே எழும்பும், சவுக்கு மரங்களுக்குள் புகுந்து சுழன்று வரும், கால்மணி நேரத்தில் திசை மாறும். வால் வைத்த இயந்திரம் திரும்பித் திரும்பியே களைத்துவிடும். இந்த இடத்தில் செங்குத்து அச்சுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதற்காக இறக்கையை மாற்றிவிட்டுக் கூரை உயரத்திலேயே வைத்திருப்பதில் பயனில்லை. சுற்றிலும் 90 மீட்டருக்குள் இருக்கும் எல்லாவற்றையும்விட 9 மீட்டர் உயர்த்தி வைப்பது பழைய விதி. என்னால் அவ்வளவு முடியவில்லை, மரக்கிளைகளை வெட்டிப் பாதி வழி போயிருக்கிறேன்.

மூன்று இறக்கை, ஆறு கை, முனைத் தட்டுகள் எல்லாம் சேர்த்து 75,000 ரூபா வாங்கினார்கள். டிஸ்க் பிரேக் அதற்கு மேல். வெளிநாட்டிலிருந்து அதே இயந்திரத்துக்கு மாற்று இறக்கை வரவழைத்தால் அதே மெல்லிய தகடுதான் வரும், கப்பல் கூலியும் சேரும். இயந்திரம் ஏற்கெனவே கம்பத்தில் இருப்பவர்களுக்கு இது நல்ல பேரம். இந்த இறக்கைக்காகவே புதிதாக இயந்திரம் வாங்கப் போகிறேன் என்பவருக்கு நான் அந்த விலாசத்தைச் சொல்ல மாட்டேன்.

போகிறவர்கள் பழைய இறக்கை ஒன்றையும் ஒரு கையையும் நடுத்தண்டின் மையத் தகட்டையும் கழற்றிக் கொண்டுபோங்கள், துளையின் அளவைப் போனில் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். டைனமோவின் வோல்ட் சுற்றுக்கு எவ்வளவு என்று முடிந்தால் அளந்துகொண்டு போங்கள். தை, மாசியில் கொடுத்தால் பிசின் நன்றாக இறுகி, காற்று தொடங்குவதற்குள் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள், அன்று போனால் அண்ணன் இருக்க மாட்டார், தம்பியிடம் விலை பேசிப் பயனில்லை.